நாலு டயரும் ஒரு ஹவாய் செருப்பும்

எங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னால் நான்கு டயர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் மூக்கைச் சுளிக்கிறார்கள், அப்புறம் "இது எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கிளம்பலாம் :-)

முதலில் ஒரு வாக்குமூலம். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். உராய்வு விசை, உராய்வுக் குணகம் என்றெல்லாம் நான்கு வருடம் எழுதி மார்க் வாங்கியவன். ஆனால் டயர் என்றால் எனக்குத் தெரிந்தது தூத்துக்குடியில் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணாச்சி கேட்கும் ஒரே கேள்விதான்: "பட்டன் இருக்கா, இல்லையா?" பட்டன் என்றால் டயரின் மேல் வெட்டு வெட்டாக இருக்கும் மேடு பள்ளம். இருந்தால் ஓட்டலாம். தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் மொட்டை டயர், மாற்ற வேண்டும் (மாற்ற மாட்டோம், அது வேறு கதை). எங்கள் ஊர் வெயிலில் இதற்கு மேல் ஒருவன் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை.

கனடாவில் ஒட்டாவாவுக்குப் படிக்க வந்தது 2021 செப்டம்பரில். முதல் குளிர்காலம் முழுக்கப் பஸ்ஸிலேயே ஓடிவிட்டது. 2022 ஆகஸ்டில், ஒரே வீட்டில் இருந்த மூன்று பேர் சேர்ந்து ஒரு கார் வாங்கினோம். நான், ஒரு மதுரைக்காரன், ஒரு சேலத்துக்காரன். 2009 மாடல் கொரோலா. ஓடிய கிலோமீட்டரைச் சொன்னால் அழுவீர்கள். ஆனால் அந்த வண்டி ஒருநாளும் எங்களை அழ வைத்ததில்லை. விற்றவர் டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு "ஆல்-சீசன்" என்றார். எல்லாக் காலத்துக்கும்! நாங்களும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று தெரிந்தால் ஒரு நாள் ஜனவரியில் இங்கே கூட்டி வந்து ஓட்டச் சொல்ல வேண்டும்.

நவம்பர் நடுவில் முதல் பனி விழுந்தது. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிய கையோடு மளிகைச் சாமான் வாங்கக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், சேலத்துக்காரன் பக்கத்தில். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு ஒரு சின்ன இறக்கம், இறக்கத்தின் அடியில் சிக்னல். வேகம் முப்பதுதான் இருக்கும். சிவப்பு விழுந்தது, பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் "கர்ர்ர்ர்" என்று ஒரு அதிர்வு. ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது. கார் மட்டும் நிற்கவில்லை.

இதைச் சறுக்கல் என்று சொன்னால் நீங்கள் சினிமாவில் வருவது போல் நினைத்துக்கொள்வீர்கள். அப்படி எதுவும் இல்லை. மெதுவாக, ரொம்ப நிதானமாக, கோயில் தேர் நிலைக்கு வருவது போல எங்கள் கொரோலா வெள்ளைக் கோட்டைத் தாண்டி நாற்சந்திக்குள் போனது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது வேறு யாருடைய காரின் ஸ்டியரிங்கோ என்பது போல இருந்தது. இடதுபக்கமிருந்து நகரப் பேருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார். எங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. சேலத்துக்காரன் "முருகா" என்றான். அவன் நாத்திகன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே மனக்கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 14 மீட்டர். காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால் பிரேக் பிடித்த பிறகு 14 மீட்டரில் வண்டி நிற்கும். மிதிபட்டு இறுகிய பனியில் 0.2 என்று வையுங்கள், 49 மீட்டர். வெறும் ஐஸில் 0.1 என்றால் கிட்டத்தட்ட 100 மீட்டர். இன்ஜின் எவ்வளவு பெரிசு, பிரேக் எவ்வளவு புதுசு, ஃபோர் வீல் டிரைவா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவது சுலபம், நிற்பதற்கு அது துளியும் உதவாது. பரீட்சையில் இதே கணக்கை நான் எத்தனை தடவை போட்டிருப்பேன்! ஒருமுறைகூட அந்த 0.2-க்குள் ஒரு பஸ் வந்ததில்லை.

மறுநாள் காலை வட்டமேசை மாநாடு. அஜெண்டா: வின்டர் டயர்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியூபெக் மாகாணம். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே பதிவான கார்களுக்குக் குளிர்காலத்தில் வின்டர் டயர் கட்டாயம். 2008-ல் சட்டம் வந்தது. முதலில் டிசம்பர் 15-லிருந்து மார்ச் 15 வரை என்று இருந்ததை 2019-லிருந்து டிசம்பர் 1 என்று முன்னால் தள்ளினார்கள். இந்தப் பக்கம் ஒன்டாரியோவில் அப்படிக் கட்டாயம் கிடையாது. போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி ஏதாவது தள்ளுபடி தர வேண்டும் என்று மட்டும் 2016-ல் விதி கொண்டு வந்தார்கள். அதாவது ஒரே ஆறு, ஒரே பனி. அந்தக் கரையில் சட்டம், இந்தக் கரையில் உன் இஷ்டம்.

இஷ்டம் என்றாலே எங்கள் மூவருக்கும் சண்டைதான். மதுரைக்காரன் கறாராகச் சொன்னான்: "கட்டாயமில்லைன்றாய்ங்கல்ல, அப்புறம் எதுக்குடா? மெதுவா ஓட்டுவோம்."

அவனைக் குறை சொல்ல முடியாது. சர்வதேச மாணவர்கள் வெளியில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பை அந்த நவம்பர் 15-ந் தேதிதான் தற்காலிகமாகத் தூக்கியிருந்தார்கள். கிடைத்த வாய்ப்பை விடாமல் அவன் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்டுக்குச் சேர்ந்திருந்தான். கல்விக் கடன் வட்டி, அக்கா கல்யாணம், எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருப்பான். டயருக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் ரூபாயாக மாறித்தான் அவன் மண்டையில் ஓடும். ஆனால் ஒன்றை அவனே மறந்துவிட்டான். ராத்திரி பதினொன்றுக்குப் போய் காலை ஏழுக்குத் திரும்புகிறவன் அவன். பஸ் இல்லாத நேரம், உப்பு போடும் வண்டி இன்னும் வராத ரோடு. எங்கள் மூவரில் மோசமான நேரத்தில் அதிகம் ஓட்டப்போவது அவன்தான். இதைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தான். "சரி, ரெண்டு வாங்குவோம். முன்னாடி வீல்தானே இழுக்குது?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மெக்கானிக்கல் இன்ஜினியரான நானும் தலையாட்டினேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

விளம்பரம் பார்த்து ஒருவர் வீட்டு கராஜுக்குப் போனோம். பழைய வின்டர் டயர். ஜோடி 100 டாலர், நான்கும் எடுத்தால் 180. பட்டன் அருமையாக இருந்தது, பாதிகூடத் தேயவில்லை. அண்ணாச்சி பார்த்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார். ரெண்டுக்கு 40 டாலர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மாட்டித் தர ஆள் தேடினோம். நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார். அறுபது வயது இருக்கும். எண்பதுகளில் வந்தவராம். போனில் டயரின் போட்டோவைக் காட்டினேன்.

"தம்பி, உதை ஏன் வாங்கினீர்?"

"பட்டன் நல்லா இருக்கே ஐயா."

"பட்டனோ? சேர்ட்டுக்கோ?"

பட்டனுக்கு விளக்கம் சொல்லி முடித்ததும் அவர் சிரித்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் ஓர் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள். 3414. "இதை வாசிக்கத் தெரியுமோ? 2014ஆம் ஆண்டு, முப்பத்தி நாலாம் கிழமை செய்தது. எட்டு வயசு. பாக்க வடிவாத்தான் இருக்கும். ஆனா றப்பர் செத்துப் போச்சு."

(அவர்கள் பேச்சில் கிழமை என்றால் வாரம். நான் முதலில் திங்கள், செவ்வாய் என்று நினைத்துக் குழம்பினேன். முப்பத்தி நாலாவது கிழமையா?!)

ஒர்க்‌ஷாப்பில் ஒரு புது வின்டர் டயர் கிடந்தது. "நகத்தால அமத்திப் பாரும்" என்றார். அமுங்கியது, விட்டதும் எழுந்தது. பிறகு எங்கள் காரின் ஆல்-சீசன் டயரை அமுக்கச் சொன்னார். வெளியே மைனஸ் ஆறு. நகம்தான் வலித்தது.

அந்த இடத்தில்தான் எனக்கு ஹவாய் செருப்பு ஞாபகம் வந்தது. ஊரிலிருந்து கொண்டு வந்த ரப்பர் செருப்பை முதல் வருஷம் பால்கனியில் விட்டுவிட்டு மறந்து போனேன். ஜனவரியில் ஒருநாள் எடுத்துப் போட்டால், செருப்பு பலகை மாதிரி இருக்கிறது! வளைத்தால் வளைய மாட்டேன் என்கிறது. உள்ளே கொண்டு வந்து வைத்த பத்து நிமிஷத்தில் பழையபடி செருப்பாகிவிட்டது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் இறுகுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ரப்பரும் குளிரில் இறுகும் என்று ஒரு வருடம் முன்னாலேயே அந்தச் செருப்பு சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். சாதாரண டயரின் ரப்பர் கலவை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக விறைத்துக்கொண்டே வரும். பனியே விழ வேண்டாம், காய்ந்த ரோட்டிலேயே பிடிப்பு குறைய ஆரம்பித்துவிடும். வின்டர் டயரின் கலவையில் சிலிக்கா மாதிரிச் சமாச்சாரங்களைச் சேர்த்துக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும்படி செய்கிறார்கள். ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ரப்பர், அப்புறம்தான் பட்டன். நான் அதுவரை நேர்மாறாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டனுக்கும் வேலை உண்டு, ஆனால் நான் நினைத்த வேலை இல்லை. பெரிய பள்ளங்கள் பனியை அள்ளி உள்ளே அடைத்துக்கொள்ளும். பனியைப் பனி நன்றாகப் பிடிக்கும். பனிப்பந்து உருட்டியவர்களுக்குத் தெரியும். இது தவிர ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். சைப் என்று பெயர். ஐஸின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப் படலம் இருக்கிறது, வழுக்குவதற்குக் காரணமே அதுதான். இந்தக் கீறல்கள் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, தங்கள் விளிம்பால் ஐஸைக் கவ்வும். ரப்பர் விறைத்துவிட்டால் கீறல் திறக்காது, கவ்வாது. எட்டு வயது டயரில் நாங்கள் பார்த்து மயங்கியது திறக்காத கீறல்களை.

"சரி ஐயா, புதுசாவே ரெண்டு போடுங்க" என்றான் மதுரைக்காரன், மனசே இல்லாமல்.

அவர் முகம் மாறிவிட்டது. "ரெண்டு போட மாட்டன் தம்பி. வேறை ஆரிட்டையும் போய்ப் போடுங்கோ. முன்னுக்கு மட்டும் போட்டா முன்பக்கம் நிக்கும், பின்பக்கம் நிக்காது. வளைவிலை பிரேக் பிடிச்சீர் எண்டா வால் சுத்திக்கொண்டு முன்னாலை வந்திடும். இப்ப நேராச் சறுக்குது. அப்ப சுத்திச் சுத்திச் சறுக்கும். உமக்கு எது வேணும்?"

வேலை வந்து நிற்கிறது, காசு கைக்கு வரப்போகிறது, "மாட்டன்" என்கிறார் ஒரு மனுஷர். மதுரைக்காரன் கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "நாலு எவ்வளவு வரும்?" என்று கேட்டான். 40 டாலர் அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. அதை அவன் இன்னும் மறக்கவில்லை.

நாலு என்று முடிவான பிறகுதான் உண்மையான தலைவலி. எந்த நாலு?

பக்கவாட்டில் "எம் பிளஸ் எஸ்" என்று இருந்தால் போதும் என்று ஒரு கட்சி உண்டு. சேறும் பனியும் என்று அர்த்தம். எங்கள் ஆல்-சீசனிலேயே அது இருந்தது! அந்த எழுத்துக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது, பட்டனில் பள்ளம் போதிய அளவு இருந்தாலே கம்பெனிக்காரர்கள் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் இருக்கும் படம். இது 1999-லிருந்து இருக்கிறது. இதைப் போட டயர் உண்மையிலேயே பனியில் ஓடித் தேற வேண்டும்: ஒரு ஒப்பீட்டு டயரின் பிடிப்பை 100 என்று வைத்தால் 110 ஆவது எடுக்க வேண்டும். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. அந்தப் பரீட்சை இறுகிய பனியில் வண்டியை முன்னே இழுக்கும் பிடிப்பை மட்டும் அளக்கிறது. ஐஸில் நிற்குமா என்று கேட்பதில்லை. ஐரோப்பாவில் 2021-லிருந்து டயர் லேபிளில் பனிக்கு ஒரு படம், ஐஸுக்குத் தனியாக ஒரு படம் என்று வைத்துவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. இரண்டும் வேறு வேறு விலங்குகள்.

இந்த மலைப்படம் உள்ள "ஆல்-வெதர்" டயர்களும் உண்டு (ஆல்-சீசன் வேறு, ஆல்-வெதர் வேறு. பெயர் வைப்பதில் இவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது!). வருஷம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம். பனி அவ்வப்போது வந்து போகும் ஊர் என்றால், டயரை வைக்க இடமில்லாதவர்கள் என்றால், அதை வாங்குவதில் தப்பே இல்லை. நாங்களும் ரொம்பவே சபலப்பட்டோம். ஆனால் வெயிலையும் தாங்க வேண்டும் என்று செய்த கலவை மைனஸ் இருபதில் எவ்வளவு இளகும் என்ற கேள்வி இருக்கிறதே. மதுரைக்காரனின் காலை ஏழு மணியை நினைத்து அதை விட்டுவிட்டோம்.

இன்னொரு கட்சி ஆணி டயர். ரப்பருக்குள் உலோக ஆணிகள் பதித்திருக்கும். ஐஸைக் கொத்திக்கொண்டு நிற்கும். கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை போடலாம். ஒன்டாரியோவில் வடக்குப் பகுதிக்காரர்களுக்கு மட்டும் அனுமதி, ஒட்டாவாக்காரர்களுக்குக் கிடையாது. ஆணி ரோட்டையும் சேர்த்துக் கொத்திவிடும் என்பதுதான் காரணம். ஜப்பானில் இது பெரிய பிரச்சினையாக இருந்தது. பனி உருகிய நாட்களில் ஆணிகள் தார் ரோட்டைச் சுரண்டிச் சுரண்டி, நகரங்களில் தூசு மண்டலமாகக் கிளம்பியது. 1990-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆணி இல்லாமலே ஐஸில் நிற்க வேண்டும் என்ற அந்த நெருக்கடியில்தான் ரப்பரிலேயே நுண்ணிய துளைகளை வைக்கும் வித்தையெல்லாம் வளர்ந்தது. பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிஸாக் வந்தது 1988-ல். இதற்கெல்லாம் தாத்தா பின்லாந்துக்காரர்கள். இன்று நோக்கியன் என்று இருக்கும் டயர் கம்பெனி 1934-லேயே லாரிகளுக்குக் குளிர்கால டயர் செய்துவிட்டது, 1936-ல் கார்களுக்கு ஹக்கபெலிட்டா. (ஆமாம், செல்போன் நோக்கியாவும் இவர்களும் பழைய பங்காளிகள்தான். ஒரே ஊர்ப் பெயரிலிருந்து வந்தவர்கள்.)

இவ்வளவும் படித்துத் தலை சுற்றிய பிறகு ஐயாவிடமே கேட்டேன். "ஒட்டாவாவிலை ஸ்னோவைவிட ஐஸ்தான் பயம். பகல்லை உருகும், இரவிலை இறுகும். ஐஸுக்கெண்டு செய்ததா எடும். கொம்பனி எதெண்டாலும் பறவாயில்லை" என்றார். மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ எடுத்தோம். அன்றைக்கு அவர் கையில் எங்கள் அளவில் நாலும் ஒன்றாக இருந்தது அதுதான், வேறு பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. அளவு 195/65 ஆர் 15. அகல டயர் கம்பீரமாக இருக்கும் என்று சேலத்துக்காரன் ஆசைப்பட்டான். பனிக்கு ஒடுக்கமான டயர்தான் நல்லது, பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் என்று சொல்லி அவன் ஆசையில் மண்ணைப் போட்டார் ஐயா.

தனியாக நான்கு ஸ்டீல் ரிம்மும் வாங்க வைத்தார். அப்போது அது வீண் செலவு என்று பட்டது. ரிம் இல்லாவிட்டால் வருஷத்துக்கு இரண்டு தடவை டயரை ரிம்மிலிருந்து உரித்து, வேறொன்றை ஏற்றி, பாலன்ஸ் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூலி. ரிம்மோடு இருந்தால் ஜாக்கி வைத்து நாமே மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது வருஷத்திலேயே ரிம் காசு வந்துவிட்டது. மொத்தம் 13 சதவீத வரியோடு 1,100 டாலருக்குப் பக்கத்தில் வந்தது. காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு! மூன்றாகப் பிரித்தோம். மதுரைக்காரன் தன் பங்கை இரண்டு தவணையில் கொடுத்தான்.

ரசீதில் "ரயர் - 4" என்று தமிழில் எழுதிக் கொடுத்தார் ஐயா. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்தக் குளிர்காலம், 2022-23, ஒட்டாவாக்காரர்கள் மறக்காத குளிர்காலம். நகரத்தின் நடுவில் ஓடும் ரிடோ கால்வாய் உறைந்து 7.8 கிலோமீட்டருக்கு ஸ்கேட்டிங் பாதையாகும். 1970-71-ல் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வருடமும் திறந்துகொண்டிருந்தார்கள். அந்த வருடம்தான் முதல்முறையாக ஒருநாள்கூடத் திறக்கவில்லை. ஐஸ் தடிமன் போதவில்லை. ஊரில் எல்லோரும் "இந்த வருஷம் குளிரே இல்லை" என்று வருத்தப்பட்டார்கள். ஆனால் ரோட்டுக்கு அதுதான் கெட்ட நேரம். மைனஸ் இருபதில் இருக்கும் ஐஸைவிட, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஈரமாக நிற்கும் ஐஸ் மோசமாக வழுக்கும். கால்வாயில் நிற்க ஐஸ் இல்லை, தெருவில் நிற்க ரோடு இல்லை.

ஜனவரியில் ஒருநாள் மூன்று பேரும் அதே இறக்கத்தில் வந்தோம். மதுரைக்காரன் ஓட்டினான். அதே சிக்னல், அதே சிவப்பு. பளபளவென்று ரோடு. கோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னாலேயே வண்டி நின்றது. ஒரு வயதான அம்மா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து எங்களுக்கு முன்னால் ரோட்டைக் கடந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நின்ற காரை யார் பார்ப்பார்கள்? அவர் அந்தப் பக்கம் ஏறும்வரை காருக்குள் யாரும் பேசவில்லை. பச்சை விழுந்ததும் மதுரைக்காரன் "காசு செமிச்சிருச்சுடா" என்றான்.

டயர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. பிப்ரவரியில் ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவில் கொஞ்சம் திமிராகப் போய், பனிக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்தோம். ஓட்டியது நான்தான். என் கணக்கில் 0.2-ஐ 0.3 ஆக்கினால் 49 மீட்டர் 33 மீட்டர் ஆகும், அவ்வளவுதான். 14 ஆகாது.

மார்ச் கடைசியில் வெயில் அடித்ததும், டயரை மாற்றிவிடலாமா என்று ஐயாவுக்குப் போன் போட்டோம். "ஏன் அவசரம்? ஏப்ரல் நடுப்பகுதி மட்டும் பொறும்" என்றார். ஏப்ரல் 5, 2023 அன்று ஒட்டாவாவிலும் கியூபெக்கிலும் ஐஸ் மழை கொட்டியது. மரக்கிளையெல்லாம் கண்ணாடிக் குழாய் மாதிரி ஆகி முறிந்து விழுந்தது. கியூபெக்கில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. மதுரைக்காரன் அன்றைக்கும் ஷிஃப்டுக்குக் கிளம்பினான். "அதான் ஆயிரம் டாலர் டயர் இருக்குல்ல." ஐயாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, ஐஸ் மழைக்கு ரயர் இன்னும் கண்டுபிடிக்கேல்லை. வீட்டிலை இரும்."

இருந்தான். ஒரு நாள் சம்பளம் போனது.

இப்போது அவர்கள் இருவரும் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டார்கள். நான் மட்டும் ஆராய்ச்சி என்று இங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் முடிகிறது. காரை விற்க வேண்டும். சோபாவுக்குப் பின்னால் இருக்கும் நாலிலும் சாக்பீஸில் இ.மு., வ.மு., இ.பி., வ.பி. என்று எழுதியிருக்கிறேன். கழற்றும்போது எது எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த வருஷம் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய வைக்க முடியும். இன்னும் 6 மில்லிமீட்டர் பட்டன் மிச்சம் இருக்கிறது. 4-க்குக் கீழே வந்தால் பனிக்கு உதவாது.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு ஜூனியர் காரைப் பார்க்க வந்தான். எல்லாம் பிடித்துவிட்டது. கடைசியில் சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, காருக்குத்தான் ஏற்கனவே டயர் இருக்குதுங்களே. இந்த நாலையும் நீங்களே வெச்சுக்கிட்டு ஒரு 300 குறைச்சுக்குங்களேன்?"

தனியாகத் தர மாட்டேன், எடுத்தால் எட்டு டயரோடுதான் கார் என்று சொல்லிவிட்டேன். விலையில் 200 குறைக்கிறேன் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். போகும்போது அவன் காலைப் பார்த்தேன். ஹவாய் செருப்பு.

பி.கு.: குளிர் கூடக் கூட டயரில் காற்று இறங்கும். ஐந்தாறு டிகிரி குறைந்தால் சுமார் ஒரு பவுண்டு போகும். மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். புதிதாகச் சக்கரம் மாட்டியிருந்தால் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நட்டுகளை ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிடுங்கள். இது ஐயா சொல்லச் சொன்னது.